செல்வியக்காவின் கையெழுத்து

பெங்களூருக்கு வந்த பிறகுதான் பூசணிக்காயை வரிப் படிவத்தில் ஏற்றக் கற்றுக்கொண்டேன். ஆயுத பூஜைக்கு ஆபீஸ் வாசலில் உடைத்த காய், கம்ப்யூட்டருக்குப் போட்ட கதம்பம், ஊழியருக்குக் கொடுத்த மைசூர்பாகு எல்லாமே உபகாரமாம். அதற்குக் கம்பெனி ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் வரி கட்ட வேண்டும். வரி போட்டது தில்லி. அதிலிருந்து நழுவும் வித்தை எங்கள் ஆபீஸுடையது. அக்டோபர் கடைசிக்குள் ரிட்டர்ன் போக வேண்டும் என்பதால் மாதம் முழுக்க எனக்கு அதே வேலை: விருந்தைக் கூட்டம் என்று எழுது, பரிசை விளம்பரம் என்று எழுது. என் சம்பளத்தைக் கேட்டு வாய் பிளக்கும் ஊர் நண்பர்களுக்குச் சொல்கிறேன், இதற்குத்தான் அந்தச் சம்பளம்.

ஆரணியில் நெல் மண்டியில் கணக்கு எழுதியபோது, முதலாளி தீபாவளிக்கு ஒரு வேட்டியைத் தூக்கி மடியில் போடுவார். வருஷம் முழுக்க அதைச் சொல்லிக்காட்டுவார். அவரை நல்லவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்த வேட்டியைத் திரும்பக் கேட்டதில்லை.

செல்வியக்கா எங்கள் ஆபீஸில் தரை துடைப்பவர், பெங்களூரிலேயே நீலசந்திராப் பகுதித் தமிழ்க் குடும்பம். முந்தின வருஷம் அவர் மகளின் நர்சிங் படிப்புக்குக் கம்பெனி முதல் வருஷ ஃபீஸ் கட்டியது, மேடை போட்டு, போட்டோ எடுத்து. இந்த ரிட்டர்னில் அதுவும் உபகாரமாக வந்து நின்றது. கெடுவுக்கு முதல் நாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். அக்கா சம்பள முன்பணம் கேட்டு வாங்கியதாகப் பழைய தேதியில் இங்கிலீஷில் அடித்திருந்தது. முன்பணத்துக்கு இந்த வரி இல்லை. இது சரியா என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். தாளில் பிழை தேடுகிறேன் என்று நினைத்து, “சரி இதெ, நானே நோடிதீனி” என்றார். சரியாகத்தான் இருக்கிறது, அவரே பார்த்துவிட்டாராம். பிறகு, “நீவு தமிழல்லி ஹேளி, கேள்தாரெ.” நான் தமிழில் சொன்னால் அக்கா கேட்பாராம்.

“இன்னா எழுதிக்கீது தம்பி?” என்றார் அக்கா.

“சும்மா ஆபீஸ் பேப்பர்க்கா. ஃபீஸ் கட்டினாங்கள்ல, அதுக்கு.”

“நீ சொன்னா செரி. நம்ம பாஷைக்காரப் புள்ள, ஏமாத்தவா போற?”

முன்பணம் என்றால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பேனாவைத் திறந்து கொடுத்தேன். ரிட்டர்ன் கெடுவுக்குள் போனது. மேனேஜர் கை குலுக்கினார். அந்த மாதமே பிடித்தம் தொடங்கியது. சம்பளப் பட்டியலைப் போட்டதும் நான்தான். இரண்டாம் வருஷ ஃபீஸ் கட்ட வழியில்லாமல் மகள் படிப்பை நிறுத்திவிட்டுக் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள்.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வாட்ச்மேனிடம் தமிழ், டிரைவரிடம் தமிழ். தினமும் காலையில் மாப்போடு என் மேசைக்கு வரும்போது மட்டும், “ஸ்வல்ப காலெத்தி சார்” என்று கன்னடத்தில் சொல்கிறார். இரண்டு காலையும் தூக்கிக்கொள்கிறேன். அவர் துடைத்துவிட்டுப் போன பிறகும், தரை காயும்வரை கீழே வைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.