இடப்பக்கம் வந்த ஸ்டியரிங்

மாமரம் கண்ணில் பட்டதும் நான் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் மூக்கு போய்விடும். கோஃபி அசியாமா ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்தபடி, என் மடிமேல் பாதி சாய்ந்து, என் பக்கத்து ஜன்னல் வழியாக வலக்கையை வெளியே நீட்டுவான். "மாமா, காலை வணக்கம்! ஒடம்பு சொகந்தானே மாமா!" மரத்தடியில் பலகையில் காய் நகர்த்திக் கட்டம் ஆடிக்கொண்டிருக்கும் பெரியவர் தாவியா தலையைத் தூக்க மாட்டார். கை உள்ளே வரும்போது அதே முழங்கை இன்னொரு முறை என் முகத்தைத் தேடும்.

கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்தவன். வெள்ளிக்கிழமைப் பிள்ளை வீடு தங்காது என்பார்கள். இவன் பெயர் அசியாமா; அசையாமல் இருந்து ஒருவரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போது நடப்பான். பேசும்போது டயரை உதைப்பான். மம்போங்கிலிருந்து குமாசிக்கும், குமாசியிலிருந்து மம்போங்குக்கும் மரக்கூடு கட்டிய பெட்ஃபோர்டு லாரி ஓட்டுகிறான். லாரியின் நெற்றியில் 'பொறுத்தவன் ஊர் சேர்வான்' என்று எழுதியிருக்கிறது. அதை எழுதியவன் இவனோடு ஒரு நாளும் பயணம் செய்திருக்க மாட்டான். நான் வழியிலிருக்கும் பள்ளிக்கூடத்து டீச்சர். விதியே என்று முன்சீட்டில் உட்கார்ந்து போகிறேன்.

ஓட்டுவது அவனுக்குப் பக்கத் தொழில்தான். கையசைப்பதே முதல் தொழில். சந்தைப் பெண்களுக்கு முழுக்கை, போலீஸ்காரருக்கு நெற்றியில் இரண்டு விரல், பெரியவர்களுக்கு விரித்த உள்ளங்கையும் குனிந்த தலையும். முன்பெல்லாம் ஸ்டியரிங்கும் அவன் ஜன்னலும் வலப்பக்கம் இருந்தன. நீட்டிய கையும் வலக்கை. பல வருஷம் ஒரு குறையும் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடே சாலையின் இடப்பக்கத்தை விட்டு வலப்பக்கம் போயிற்று. அதற்கு முன்னால் ரேடியோ தொண்டை வறண்டு போகும்வரை வலது, வலது என்று கத்தியது. நாங்களெல்லாம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு லாரி ஏறினோம். அவனோ சுட்ட வாழைக்காயை மென்றபடி சொன்னான்: "வெள்ளக்காரன் கொடிய எறக்கினப்ப நான் லாரி மேல மூட்டைக்கு நடுவுல உக்காந்து பாத்தேன் டீச்சர். பவுனு நோட்டு போயி சேடி நோட்டு வந்தப்ப ஓட்டிக்கிட்டிருந்தேன். பட்டாளத்துக்காரன் ரெண்டு தடவ ஆட்சியப் புடிச்சான், ரெண்டு தடவையும் குமாசிக்கு லோடு போய்ச் சேந்துச்சு. எது மாறினா எனக்கென்ன? ரோடு ரோடுதானே!"

ரோட்டில் அவன் தப்புப் பண்ணவில்லை. ஆனால் லாரியின் சொந்தக்காரியம்மா ஸ்டியரிங்கையும் மாற்றிவிடு என்றாள். குமாசியில் சுவாமே பேட்டைப் பட்டறைக்காரர்கள் அதைப் பிடுங்கி இடப்பக்கம் நட்டார்கள். ஓட்டுகிறவன் இடப்பக்கம் வந்தான். அவன் ஜன்னலும் இடப்பக்கம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தானாகப் போகிற கை இடக்கை ஆயிற்று.

இடக்கையால் நாங்கள் கொடுப்பதில்லை, வாங்குவதில்லை, யாரையும் கூப்பிடுவதில்லை. உன் அப்பன் ஊருக்கு இடக்கையால் வழி காட்டாதே என்பது பழமொழி. வேறு வழியில்லை என்றால் 'இடக்கையை மன்னியுங்கள்' என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் நீட்ட வேண்டும்.

புது ஸ்டியரிங்கோடு குமாசியிலிருந்து திரும்பிய அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சனிக்கிழமை அவன் வீட்டார் பெண் கேட்டு, வழக்கப்படி மது பாட்டிலோடு போய் ஆக்குவாவின் வீட்டுக் கதவைத் தட்டுவதாக இருந்தது. ஆக்குவா லாரி நிறுத்தத்தில் வாழைக்காய் சுட்டு விற்பவள். அவளிடம் அவன் வாங்கித் தின்றதற்கு ஒரு தோப்பே காலி. எங்களில் பெண்ணைக் கொடுப்பது தாய்மாமன் வாயில் இருக்கிறது. அவளுடைய தாய்மாமன் தாவியா. திரும்பி வருகையில் மாமரம் எங்களுக்கு இடப்பக்கம். அவர் நாலு பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தார். இவன் கை தானாக ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது.

"பாத்தீங்களா டீச்சர், மாமா எந்திரிச்சே நின்னுட்டாரு! அவ்வளவு பாசம்!"

"அசியாமா, எந்தக் கையை நீட்டினாய் பார்" என்றேன். பார்த்தான். ஊர் வரும்வரை அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே ஓட்டினான். எனக்கே பாவமாக இருந்தது.

சனிக்கிழமை கதவு திறக்கவில்லை. பாட்டில் திரும்பி வந்தது. நிறுத்தத்தில் எல்லோர் காதிலும் விழும்படி ஆக்குவா அவனைப் பிடித்துக்கொண்டாள். "எது மாறினா எனக்கென்னன்னு பீத்தினியே, இப்ப என் தலையெழுத்தே மாறுது! ஒரு கைய வெச்சுக் காப்பாத்தத் தெரியாதவன் பொண்டாட்டிய எப்படி வெச்சுக் காப்பாத்துவான்னு மாமா கேக்கறாரு. நான் என்னய்யா பதில் சொல்றது?" கேட்டுவிட்டு அடுப்புப் புகைமேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து இரண்டு மாதமாக, குமாசிக்குப் போகும்போது மாமரம் என் பக்கம் வருவதால் என் மூக்குக்கு ஆபத்து, வரும்போது எல்லோர் உயிருக்கும் ஆபத்து. இடக்கையை ஸ்டியரிங்கோடு துணியால் கட்டிவிட்டு, வலக்கையை மார்புக்குக் குறுக்கே இடப்பக்க ஜன்னலில் நீட்டிப் பார்த்தான். லாரி பாம்பாக நெளிந்தது. பின்னாலிருந்து பெண்கள், "சாகறதுன்னா நீ தனியாச் சாவுடா, எங்களுக்கு வீட்ல அடுப்பு எரியணும்!" என்று கூச்சலிட்டார்கள். மரியாதையாக இரண்டு முறை ஹாரன் அடித்தான். ஆட்டை விரட்டுகிற ஹாரனை எனக்கு அடிக்கிறானா என்றாராம் பெரியவர். கடைசியில், "இடக்கைய மன்னிச்சுக்குங்க மாமா!" என்று ஓடுகிற லாரியிலிருந்து கத்தினான். காற்று பாதியைத் தின்றுவிட்டது. 'இடக்கை' மட்டும் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. செய்தது போதாதென்று இப்போது பெயர் சொல்லி வேறு திட்டுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு.

"நிறுத்தி, இறங்கிப் போய்ப் பேசேன்" என்றேன்.

"நிறுத்தறதா?" லாரியை விற்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தான். "நின்னா எனக்குப் பேச்சு வராது டீச்சர். ஓடிக்கிட்டே இருந்தாத்தான் வாயி ஓடும்." பயம்தான். இத்தனை ஓட்டமும் அந்த ஒரு பயத்துக்காகத்தானோ என்று அன்று எனக்குத் தோன்றியது.

போன வியாழக்கிழமை காலையில் ஆக்குவா திட்டவில்லை. வாழைக்காயைக் கையில் கொடுத்துவிட்டு, "கோகோ கம்பெனி குமாஸ்தா வீட்லேருந்து இன்னிக்கு சாயங்காலம் பொண்ணு கேட்டு வராங்க. அவங்க பாட்டில மாமா வாங்கிக்குவாரு" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அன்று முழுக்கக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். வாழைக்காய் தின்னாமலே கிடந்தது.

மாலை திரும்பும்போது மாமரத்துக்கு எதிரே லாரியை ஓரங்கட்டினான். இன்ஜினை அணைத்தான். செருப்பை வண்டியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு சாலையில் இறங்கினான். அவன் வருவதைப் பார்த்ததும் தாவியா கட்டத்தை அப்படியே விட்டு எழுந்தார். பேச விருப்பமில்லை என்பதற்கு அடையாளமாகத் தன் முக்காலியை வலக்கையில் தூக்கிக்கொண்டார்.

நாள் தவறாமல் வலப்பக்கம் லாரி ஓட்டுகிறவன், நடக்கும்போது பழைய சாலையில் நடந்தான். நடுச்சாலைக்கு வந்ததும், பழைய பழக்கத்தில் இடப்பக்கம் மட்டும் பார்த்தான். யாரும் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டு கால் வைத்தான். வலப்பக்கமிருந்து மூட்டை ஏற்றிய லாரி ஒன்று இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எழுபது வயதுக் கிழவர் அப்படிப் பாய்வார் என்று யாரும் நினைக்கவில்லை. அவன் சட்டைத் தோளைக் கொத்தாகப் பிடித்து மரத்தடிக்கு இழுத்தார். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

"எங்கடா பாக்கற? வண்டி இந்தப் பக்கமில்ல வருது! ஓட்டறவன் ஒனக்கே தெரியலன்னா நாங்கள்லாம் எப்படிடா ரோட்டத் தாண்டறது?" என்று அதட்டினார்.

அசியாமா வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கட்டம் ஆடிய பெரியவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் அவன் தோளையே பார்த்தார்கள். தாவியாவும் குனிந்து பார்த்தார். சட்டையைப் பிடித்திருந்தது அவருடைய இடக்கை.

"உக்காரு" என்றார். "தண்ணி குடி. அப்புறம் வந்த சேதியச் சொல்லு." எங்களில் வீடு தேடி வந்த விருந்தாளியிடம்தான் அப்படிச் சொல்வார்கள்.

வலக்கையிலிருந்த முக்காலியை அவனுக்காகக் கீழே வைத்தார். அந்தக் கை இப்போது சும்மாதான் இருந்தது. ஆனாலும் அவன் தோளிலிருந்த இடக்கையை அவர் எடுக்கவில்லை.