கோபப்பட்டேன் என்று மட்டும் சொன்னேன்

பன்னிரண்டு வருஷமாக ஒரே பாவத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். "கோபப்பட்டேன் ஃபாதர்." அவ்வளவுதான். அதற்குப் பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே மந்திரம் சொல்லச் சொல்வார்கள். முட்டி போட்டுச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, தலைக்குக் குளித்தவன் மாதிரி நல்லம்பள்ளிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குப் பஸ் ஏறுவேன்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போகமாட்டேன். தருமபுரி டவுனுக்குத்தான் போவேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவன் நான். குரல் நன்றாயிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கும் அந்த நினைப்பு உண்டு. அப்படிப்பட்டவன் எங்கள் பங்குச் சாமியாரிடமே போய் முட்டி போட்டால், மறுநாள் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? டவுன் சாமியாருக்கு என்னைத் தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

கோபப்பட்டேன் என்பது எவ்வளவு நாகரிகமான சொல். உண்மையில் நான் செய்தது இது: குழம்பில் உப்பு கூடினால், பால் சொசைட்டிக்குப் போக நேரமானால், செல்போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தால், என் மனைவியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வேன். அவள் பிறப்பையும் அவளைப் பெற்றவளையும் சேர்த்து அசிங்கப்படுத்துகிற வார்த்தை. இங்கே எழுதக் கை வரவில்லை. அவளிடம் சொல்ல மட்டும் வாய் தாராளமாக வந்தது. கை நீட்டியதில்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன், வெட்கங்கெட்டவன்.

பூசையில் சாமியார் கையால் வாங்கும் அப்பத்தை நன்மை என்போம், பாவத்தோடு அதை வாங்கக்கூடாது. அவள் அதை வாங்குவதை நிறுத்தி, போன வருஷத்தோடு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லோரும் வரிசையில் போகும்போது பெண்கள் பக்கத்தில் அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். எங்களைப் போன்ற சின்னப் பங்கில் ஒரு பொம்பளை நன்மைக்குப் போகாமல் உட்கார்ந்தால் ஊருக்கு அதுவே போதும். என்ன பாவமோ, யாரோடு என்னவோ என்று பேச்சு கிளம்பியது. என் காதுக்கும் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வரிசையில் முதல் ஆளாகப் போய் வாங்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி திரும்பி வருவேன். காரணம் எனக்குத் தெரியாமலில்லை. ஒருமுறை கேட்டதற்கு, பரலோக மந்திரத்தில், தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற இடம் வரும்போது தனக்கு வாய் வரவில்லை என்றும், பொய் சொல்லிவிட்டு நன்மை வாங்க மாட்டேன் என்றும் சொன்னாள். யாரை மன்னிக்க முடியவில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருஷம் எங்கள் மகளுக்குப் புதுநன்மை, முதல்முறை நன்மை வாங்குகிற நாள். ஒன்பது வயது. அதற்கு முந்தின நாள் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். மறந்துவிடாமல் இருக்கப் பாவங்களைத் தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும் நின்று, மூவரும் சேர்ந்து வாங்குவது எங்கள் பங்கில் வழக்கம். மனைவி என்ன செய்யப்போகிறாளோ என்று எனக்கு உள்ளூரப் பயம். மகளுக்காகவாவது எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் அந்த மாதங்களில் எந்த வீட்டு வாசலிலும் புளியங்கொட்டையைத் தட்டியெடுக்கும் சத்தம்தான். மகள் தாளோடு என்னிடம் வந்தாள்.

"அப்பா, கெட்ட வார்த்தை பேசியிருந்தா அத அப்படியே சொல்லணுமா, கெட்ட வார்த்தைன்னு சொன்னா போதுமா?"

யாரைத் திட்டினாய் என்று கேட்டேன். தலை பின்னும்போது சிக்கு இழுத்ததற்கு அம்மாவைத் திட்டினாளாம். என்ன வார்த்தை என்று நான் கேட்கவே இல்லை. அவளே என் காதோடு சொன்னாள். என் வார்த்தை. நான் சொல்கிற அதே இழுப்போடு.

ஆனாலும் என் வாய் பழகின வாய். கெட்ட வார்த்தை என்று சொன்னால் போதும் என்றேன்.

அவள் யோசித்தாள். "அப்ப ஃபாதருக்கு அது எவ்ளோ கெட்டதுன்னு தெரியாதே."

புளி தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. மனைவி தலையைத் தூக்கவில்லை. கையில் கட்டையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெற்ற பிள்ளையே அந்த வார்த்தையைச் சொன்னபோது இவள் என்ன செய்திருப்பாள்? பின்னி முடித்திருப்பாள். ரிப்பன் கட்டி அனுப்பியிருப்பாள்.

அன்று சாயங்காலம், எங்கள் ஊர்க் கோயிலில், பிள்ளைகள் வரிசைக்குப் பின்னால் நானும் நின்றேன். எங்கள் பங்குச் சாமியார் என்னைவிட வயதில் சின்னவர். அவரிடம் முதல்முறையாக அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன். யாரைச் சொன்னேன், எதற்கெல்லாம் சொன்னேன், மகள் வாய்க்கு அது எப்படிப் போனது, ஊர் என் மனைவியைப் பேசியபோது நான் எப்படிச் சும்மா இருந்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் குரல் உடைந்தது. வாசகம் வாசிக்கிற அந்தக் குரல் எங்கே போனதோ. அவர் பாவமன்னிப்புக் கொடுத்தார். மந்திரம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. தன்னிடம் சொன்னதை அப்படியே வீட்டில் அவங்களிடமும் சொல்லுங்கள், அதுதான் பரிகாரம் என்றார். முந்நூறு அருள்நிறை மரியே கொடுத்திருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்குப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். மன்னித்துவிடு என்றும் கேட்டேன். அவள் புளியைக் கூடையில் அள்ளிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு நான் பக்கத்துல வந்து நிக்கணும்னு கேக்கறீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழுப்பொய். "அதுவுந்தான்" என்றேன்.

"அப்ப இப்ப வேணாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை மகளிடம் சொன்னேன். அம்மாவை நான் திட்டித் திட்டித்தான் அம்மாவால் நன்மைக்கு வர முடியவில்லை, அதனால் நானும் வரப்போவதில்லை என்று. தெரியும்பா என்றாள். நன்மை நேரத்தில் வெள்ளைக் கவுனும் தலையில் கிரீடமுமாக அவள் எழுந்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் அப்பா அம்மாவோடு போக, இவள் மட்டும் தனியாகப் போனாள். அந்த நடையைப் பார்க்கத் தெம்பில்லை, ஆனாலும் பார்த்தேன். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மாதர் சங்கத்து அம்மா ஒருவர், என் மனைவியைக் கண்ணால் காட்டி, என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டார்.

"தப்பு எம்மேலங்க" என்றேன். "பேசக்கூடாத பேச்செல்லாம் பேசியிருக்கறேன். அவமேல ஒண்ணுமில்ல."

சத்தமாகத்தான் சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி மகளின் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். அதற்குப் பிறகும் இரண்டு முறை அந்த வார்த்தை வந்துவிட்டது. ஒருமுறை பாதியில் கடித்துக்கொண்டேன், இன்னொருமுறை முழுசாகவே சொல்லிவிட்டேன். இரண்டு முறையும் பொழுது சாய்வதற்குள், மகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இன்ன வார்த்தை சொன்னேன், தப்பு என்று மனைவியிடம் சொன்னேன். "ம்" என்பாள். வாசகம் வாசிப்பதை விட்டுவிட்டேன். நன்மை வரிசைக்கு இரண்டு பேருமே போகவில்லை.

இந்த வருஷம், தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சாதாரண ஞாயிறு. வரிசை போய்க்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் அவள் எழுந்தாள். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு மகளுக்குப் பின்னால் போய் நின்றாள். என்னைத் தாண்டித்தான் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிட்டாள் என்பதை ஊரோடு ஊராக நானும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். எழுந்து பின்னால் போக வேண்டும் போலிருந்தது. போகவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளாகவே கேட்டாள்.

"நீங்க ஏன் வர்ல?"

"வெக்கமா இருந்துச்சு."

முந்தானையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்."