செந்தாமரை உட்கார்ந்து பார்த்த இரண்டாம் பாகம்

ஒரகடம் பக்கத்தில் காருக்கு சீட் தைக்கிற கம்பெனி ஒன்று. அதன் கேண்டீனில் செந்தாமரைக்கு ஒன்பது வருடமாக வேலை. ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, கேட்டில் பூசணிக்காய் உடைத்த பிறகு, கேண்டீன் ஹாலில் திரை கட்டிப் படம் போடுவார்கள். படம் தையல் லைன் ஆட்களுக்கு. செந்தாமரைக்கு வடைச் சட்டி.

போன வருடப் படத்தை அவள் காதால்தான் பார்த்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வடை தட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டாள். அதில் ஒருவன் தன்மையாகப் பேசினான். சாப்பிட்டாயா என்று அம்மாவை விசாரித்தான். இன்னொருவன் எந்நேரமும் கத்தினான், எதையாவது போட்டு உடைத்தான். தன்மையானவன்தான் கதாநாயகன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கடைசியில் அவனுக்கு அடி விழுந்தது, ஹாலே விசில் அடித்தது, இவள் வடை கருகியது. நல்லவன் அடி வாங்கினால் விசில் அடிக்கிற ஜனமா இது என்று அவளுக்கு ஒரு வருடம் ஆறவேயில்லை.

இந்த வருடம் அதன் இரண்டாம் பாகம் என்றார்கள். அவனுக்கு என்ன ஆனதென்று பார்க்காமல் விடுவதில்லை என்று பிடிவாதமாக நின்றாள். இடைவேளைக்கு வடை யார் போடுவது என்று கேட்டார் கேண்டீன் சூப்பர்வைசர் ஜெபகுமார். இந்த வருடம் சுண்டல் என்றாள். முதல் நாளே கடலையை ஊறப்போட்டு, விடிந்ததும் தாளித்து, பூஜை முடிவதற்குள் நாற்காலிக்கு ஒரு பேப்பர் கப் என்று வைத்தும் விட்டாள். முதல் பாகமே பார்க்காமல் இது எப்படிப் புரியும் என்று கேட்டுப் பார்த்தார் அவர்.

"அதுல எல்லாரையும் எனுக்குத் தெரியும் சார்."

முன்வரிசையில், லைனில் தைக்கிற பிரவீனா பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் அந்தத் தன்மையான குரல் வந்தது. அதே தன்மையோடு, சாப்பிட்டாயா என்று கேட்டபடியே ஒருவனைக் கிணற்றில் தள்ளியது.

"யாரும்மா இவன்?"

"இன்னாக்கா, இவன்தான் வில்லன். போன பார்ட்லயும் இவன்தான்."

செந்தாமரை கொஞ்ச நேரம் சுண்டல் தின்றாள். ஒரு வருடம் ஒருவன் பக்கம் நின்றாயிற்று. மூஞ்சியைப் பார்த்துவிட்டு இப்போது மாறுவது அழகில்லை. அம்மாவைச் சாப்பிட்டாயா என்று கேட்ட வாய்தானே. அவன் ஜெயில் சுவர் ஏறிக் குதித்தபோது ஹாலில் ஒரே ஒரு ஆள் கைதட்டியது. பிரவீனா நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் போலீஸ் சுட்டது. அவன் ஆற்றில் விழுந்தான். தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை.

முதல் பாகம் மாதிரி வராது என்று பேசிக்கொண்டே எல்லாரும் கலைந்தார்கள். எப்படி இருந்தது என்று ஜெபகுமார் கேட்டார்.

"இதான் சார் நல்லா கீது. மொத பார்ட்ல யாரு இன்னான்னு தெரிஞ்சிக்கவே நேரம் போச்சி. இதுல வந்து குந்துனதும் கவலப்பட ஆரம்பிச்சிடலாம்."

அடுத்த வருடமாவது வடை உண்டா என்றார் அவர். செந்தாமரை காலி கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

"ஒடம்பு கெடைக்கல இல்ல சார். சுண்டல்தான்."