ப்ளவுஸ் ரெடி

நாளைக் காலை வண்டியூரில் என் தங்கையின் கல்யாணம். "உங்க ப்ளவுஸ் ரெடிக்கா, வாங்க" என்று செல்லூர் டைலர் அண்ணன் போனில் சொன்னதை நம்பி, மண்டப வேலையைப் போட்டுவிட்டு மத்தியானமே ஓடினேன்.

போனால், நான் கொடுத்த துணி கொடுத்த பையிலேயே இருக்கிறது.

"ரெடின்னீங்களேண்ணே?"

"நூலு எடுத்து வச்சாச்சு, லைனிங்க நனைச்சுக் காயப்போட்டாச்சு. அம்புட்டும் ரெடிக்கா. வெட்டித் தைக்கிறதுதான் பாக்கி. உக்காருங்க, கையோட தாரேன்."

பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெண், மடியில் டிபன் பாக்ஸோடு.

"உங்களுக்கும் ரெடின்னாரா?" என்றேன்.

"எனக்கு நேத்தே ரெடிக்கா."

துணியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் கோபத்தில் தோன்றியது. நாளைக்கு எதைப் போடுவது? உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் அவருக்கு ஒரு போன். மெஷினை மிதித்தபடியே, "உங்களுதா? ரெடிக்கா, வாங்க" என்றார்.

நாங்கள் இருவரும் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டோம்.

அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் டைலரும் இன்றைக்கு ரெடி என்று சொல்லியிருந்தால், மறக்காமல் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.