இரண்டு கோல் வித்தியாசம்

வெர்ன் ஹக்கலா சூதாடி இல்லை. அதை அவனே நாளுக்கு நான்கு தடவை சொல்வான். ஈவ்லத் என்ற சுரங்க ஊரில் நான் நடத்தும் மதுக்கடையில், தொலைக்காட்சிக்கு நேரெதிர் நாற்காலி அவனுடையது. இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். பதினைந்து வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி சொல்லிக்கொடுத்தவன். அந்த மனிதனுக்கு மரியாதை இருந்தது. கைபேசியில் கணிப்புச் சந்தை வந்த பிறகு வாய் மட்டும்தான் மிச்சம்.

“சூதுன்னா பந்தயக் கடைக்காரன்கிட்ட பணம் கட்றது, டோரீன். இது சந்தை. நான் விக்கறத இன்னொருத்தன் வாங்கறான்,” என்பான்.

அந்தச் சந்தையின் லட்சணம் இதுதான். ‘நம் அணி இரண்டு கோலுக்குக் குறையாமல் ஜெயிக்குமா?’ என்று ஒரு கேள்வி. ‘ஆம்’ சீட்டும் உண்டு, ‘இல்லை’ சீட்டும் உண்டு. பலித்த சீட்டுக்கு ஒரு டாலர், பலிக்காததற்குப் பூஜ்யம். ‘இல்லை’ அறுபது சென்ட் விற்றால், நடக்காது என்பதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று கூட்டம் நினைக்கிறது. ஆட்டம் முடியுமுன் விற்றுவிட்டும் போகலாம், போகத் தெரிந்தவன்.

அந்தச் சனிக்கிழமை மதியம், டென்வருக்கு எதிராக, லோயிஸ் பிரெபிச்சின் மகன் கைல் முதல்முறையாக நம் மாநில அணிக்கு ஆடினான். கடை நிரம்பி வழிந்தது. லோயிஸ் கையைப் பிசைந்துகொண்டு, வழக்கம்போல வெர்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனோ ‘இல்லை’யை அறுபதுக்கு வாங்கி வைத்திருந்தான்.

கடைசிப் பகுதியான மூன்றாவதிலும் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்துக்குப் போனால் முதல் கோலோடு ஆட்டம் முடிந்துவிடும்; யார் ஜெயித்தாலும் ஒரே கோலில்தான். அதனால் ‘இல்லை’ எண்பத்தெட்டுக்கு ஏறியது.

“வித்துட்டு பீரைக் குடியேன்,” என்றேன்.

“இன்னும் பன்னெண்டு சென்ட் ஏறணும். அவசரப்படறவன் ஏமாளி.”

நான்கு நிமிடம் இருக்கையில் நம் அணி இன்னொரு கோல் போட்டது. விலை சரிந்தது. கடைசி நிமிடத்தில் டென்வர், தோற்கிற அணிகள் வழக்கமாகச் செய்வதுபோல, கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஒரு ஆட்டக்காரனைக் கூடுதலாக இறக்கியது. அவர்கள் வலை காலி. வட்டு கைலின் மட்டைக்கு வந்தது. பாதி தூரத்திலிருந்தே அடித்தான். அது வழுக்கிக்கொண்டே போய் வலைக்குள் விழுந்தது. மூன்றுக்கு ஒன்று.

கடை கூரை அதிரக் கத்தியது. லோயிஸ் அழுதேவிட்டாள்.

“முட்டாப் பயலே! எதுக்குடா அடிச்ச? ஓரமா தள்ளிவிட்டுத் தொலைய வேண்டியதுதானே!” என்று வெர்ன் அலறினான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லோயிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என் புள்ள போட்ட முதல் கோல், வெர்ன்.”

“அதில்ல லோயிஸ், உனக்குப் புரியாது. எண்பத்தெட்டு வரைக்கும் போச்சு.”

“ஊரே ஜெயிச்ச அன்னிக்கு ஒருத்தன் மட்டும் தோத்திருக்கான்யா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

வேறொருவனாக இருந்தால் தலை குனிந்திருப்பான். இவன் மூன்றாம் நாள் கைலுக்கே போன் போட்டான். லோயிஸ்தான் சொன்னாள். ஒற்றை வரியில் வாழ்த்து, அடுத்த மூச்சில், “உங்க கோல்கீப்பருக்கு இடுப்பு வலியாமே, வியாழக்கிழமை ஆடுவானா?”

“கோச், அதச் சொன்னா என் வேலை போயிரும்,” என்று கைல் வைத்துவிட்டானாம்.

வெர்னிடமே கேட்டேன். “தகவல்தானே கேட்டேன், கொலையா பண்ணிட்டேன்?” என்றான், முகம் சுண்டாமல்.

லோயிஸ் இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறாள். கதவோரத்து மேசையில் உட்காருகிறாள். போன வாரம்தான் அவனுக்கு அது கண்ணில் பட்டது.

“லோயிஸ் ஏன் அங்க போய் உக்கார்றா?”

“எந்திரிச்சுப் போய் அவளையே கேளு.”

பாதி எழுந்தான். இரண்டாம் பகுதி தொடங்கிவிட்டது. கைபேசியைப் பார்த்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்துவிட்டான்.