மாமல்லபுரத்தில் அக்காவுக்கும் தம்பிக்கும் ரூம் இல்லை

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் சூடாகவே எழுதுகிறேன்.

மலேசியாவிலிருந்து தமிழ்நாட்டுக்குப் படிக்க வரப்போகிற பிள்ளைகள்தான் இந்தப் பக்கத்தை அதிகம் படிக்கிறீர்கள். "அங்கயும் தமிழ்தானே, பெருசா என்னக்கா வித்தியாசம் இருக்கப்போவுது?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறீர்கள். நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். மறைமலைநகர் பக்கம் ஒரு கல்லூரியில் இது எனக்கு மூன்றாவது வருஷம். இந்தப் பயணத்தைப் படித்துவிட்டு வித்தியாசத்தை நீங்களே சொல்லுங்கள்.

என் தம்பி தினேஸுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக் திறப்பதற்கு முன் என்னைப் பார்க்க ஐந்து நாள் வந்திருந்தான். அவன் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான்: கடலுக்குள்ளிருந்து சூரியன் மேலே வருவதைப் பார்க்க வேண்டும். கிள்ளான் மேற்குக் கரையில் இருக்கிறது, எங்கள் கடலில் சூரியன் மறைய மட்டும்தான் செய்யும். மாமல்லபுரத்தில் சனிக்கிழமை இரவு தங்கினால் ஞாயிறு காலையில் பார்த்துவிடலாம். ஞாயிறு இரவே அவனுக்கு விமானம், ஆக அந்த ஒரு காலைதான் எங்களுக்கு இருந்தது. இரண்டு கட்டில் உள்ள அறையாகப் பார்த்து முந்தின வாரமே போனில் பதிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மறைமலைநகரில் மின்சார ரயில் ஏறினோம். செங்கல்பட்டுக்கு இருபது நிமிஷம்கூட ஆகாது. ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போகலாம். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். ஜன்னலோரம் வேண்டுமென்றால் பஸ் உள்ளே வந்து நிற்பதற்கு முன்பே ஓடிப் போய் ஏறுங்கள். கூச்சப்பட்டால் கடைசிவரை நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

எங்களுக்கு இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியதும் பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் குழந்தையை, "இத்த கொஞ்சம் புடி" என்று என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருவர் முருங்கைக்காய்ப் பையைத் தம்பியின் மடியில் வைத்தார். தினேஸ் பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தான்.

"கா, யார் பிள்ளைகா இது?"

"தெரியாது."

"தெரியாமலா தூக்கி வச்சிருக்க?"

முதல் வருஷம் இதெல்லாம் எனக்கு எரிச்சலாக வந்தது. உட்கார்ந்திருக்கிறவர்கள் என்ன, பொது அலமாரியா என்று ஹாஸ்டலில் வந்து புலம்புவேன். இப்போது பிடித்துப்போய்விட்டது. திருக்கழுக்குன்றத்தில் அந்தப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு, "வர்ட்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். என் பேர்கூட அவளுக்குத் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களை ஒரு தரம் பார்த்தார்.

"அக்கா தம்பியா?"

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு கீது. இதுல கண்டுபுடிக்க இன்னா கீது?"

லாட்ஜ் மேனேஜருக்கு அந்த மூக்கு தெரியவில்லை. ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் பட்டையாக விபூதி. எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இன்னா உறவு?"

"அக்கா தம்பி."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லிகினு வர்றாங்க."

அப்பா பேரைப் பாருங்கள், இரண்டிலும் ராமையாதான் என்று காட்டினேன். அவர் அதற்கு முன்னால் இருந்த எழுத்துகளில் விரலை வைத்தார். எங்கள் ஊரில் மகளுக்கு ஏ/பி, மகனுக்கு ஏ/எல் என்று போட்டு அப்பா பேரை எழுதுவார்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மகன் என்று அர்த்தம், அவ்வளவுதான். "கூடப் பொறந்தவங்கன்னா இனிஷியல் ஒண்ணா இருக்கணும்ல? இங்க ஏ பி, அங்க ஏ எல். இன்னாம்மா இது?" என்றார். பொறுமையாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "ராமையான்னு ஊர்ல நூறு பேரு இருக்கான்" என்றார்.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே முதுகுப்பையோடு ஒரு வெள்ளைக்காரப் பையனும் பெண்ணும் வந்தார்கள். பாஸ்போர்ட்டை நீட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறிவிட்டார்கள். உறவும் கேட்கவில்லை, இனிஷியலும் கேட்கவில்லை.

"அவங்கள ஏன்ணே ஒண்ணும் கேக்கல?"

"அவங்க ஃபாரினர்ஸ்மா."

"நாங்களும்தான். உங்க கையிலதானே இருக்கு பாஸ்போர்ட்டு."

"நீங்க தமிழ் ஆளுங்க. அவங்க ஊரு வழக்கம் வேற, நம்ம வழக்கம் வேற."

மூன்று வருஷமாகக் கடைக்குக் கடை, "தமிழ் நல்லா பேசறியே, எங்க கத்துக்கின?" என்று கேட்டு என்னை வெளியூர்க்காரியாக்கிய ஊர் இது. சந்தேகப்படுவதற்கு மட்டும் நான் நம்மாள் ஆகிவிட்டேன்.

அடுத்து, "அம்மாவுக்குப் போன் போடு" என்றார். நான் முடியாது என்றேன். காரியம் ஆகட்டும் என்று தினேஸ் போட்டுவிட்டான். எங்கள் ஊரில் அப்போது மணி நாலரை. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து படுத்திருந்தவர், வீடியோவில் தலையைச் சரிசெய்துகொண்டே வந்தார். மேனேஜர் போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"ஏம்மா, இதுங்க ரெண்டும் உன் புள்ளைங்களா?"

"ஆமாங்கய்யா."

"வயசுப் பொண்ண இப்டித் தனியா அனுப்புறியே."

"தப்பா எடுத்துக்காதீங்கய்யா. பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. கொஞ்சம் பார்த்துக் குடுங்கய்யா."

முப்பது பேரை வேலை வாங்கும் சூப்பர்வைசர் என் அம்மா. முன்பின் தெரியாத ஒருவரிடம், நான் யாரோடு படுத்துத் தூங்குவேன் என்பதற்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். போனைப் பிடுங்கி வைத்தேன். தினேஸ் என்மேல் பாய்ந்தான்.

"எல்லாம் உன்னாலதான்லா. வேற லாட்ஜே கிடைக்கலியா உனக்கு?"

"வாய மூடு. படத்தப் பார்த்துட்டு நீதானே சரின்ன?"

"நான் எங்க பார்த்தேன்? போன கையில குடுத்தாதானே?"

"குடுத்தா உடைப்ப. என் பழைய போன உடைச்சது யாரு?"

அவன் என் குறட்டையை இழுத்தான். அவன் எட்டு வயது வரை படுக்கையை நனைத்ததை நான் இழுத்தேன். மேனேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"போதும் போதும். கூடப் பொறந்ததுங்கதான். வேற எவனும் ஒரு பொண்ணாண்ட இப்டிப் பேசிட்டு உயிரோட போவ மாட்டான். இந்தா, நாலாம் நம்பர்."

சாவியை மேசைமேல் தள்ளினார். தினேஸ் கை நீட்டினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"கோச்சுக்காதம்மா, நல்ல வூட்டுப் பசங்களுக்காகத்தான் இந்த ரூலு" என்ற குரல் வாசல்வரை வந்தது.

இன்னும் இரண்டு இடத்தில் கேட்டோம். ஒன்றில் அறை இல்லை, இன்னொன்றில் அதே கேள்வி. கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்தோம்.

"அதான் குடுத்துட்டாரேகா. வாங்கியிருக்கலாம்ல?" என்றான்.

"அம்மா எத்தன தடவ ஐயான்னாங்க, எண்ணினியா?"

எங்களுக்கு முன்னால் கடல் கறுத்துக்கொண்டு வந்தது. சூரியன் முதுகுப் பக்கம், கடைகளுக்குப் பின்னால் எங்கேயோ இறங்கியது. மறுநாள் முதல் பஸ் பிடித்து வந்தாலும் உதயத்துக்கு வந்துசேர முடியாது. ஆறே காலுக்குத் திரும்பும் பஸ் ஏறினோம். ஆண்களை என் ஹாஸ்டல் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள் என்பதால், தினேஸ் செங்கல்பட்டில் என் வகுப்புத் தோழன் வீட்டில் படுத்துக்கொண்டான். ஞாயிறு இரவு ஊருக்குப் போய்விட்டான்.

வரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். எல்லா லாட்ஜும் இப்படி இல்லை. ஆனாலும் அண்ணன், தம்பி, சிநேகிதன் யாரோடு போனாலும் பதிவு செய்வதற்கு முன் போன் பண்ணி நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். இப்படிக் கேட்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை என்று சட்டம் படிக்கும் சிநேகிதி சொல்கிறாள், அதைக் கவுண்டரில் நின்று சொல்லத் தைரியம் இருந்தால் சொல்லுங்கள். பஸ்ஸில் யாராவது குழந்தையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எது எப்படிப் போனாலும் அம்மா நம்பரை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அன்று இரவு அம்மா செய்தி அனுப்பியிருந்தார். அறை வசதியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் கடல் என்று எழுதினேன். உடனே நம்பிவிட்டார். "அந்த ஐயாவுக்கு நன்றி சொன்னியா?" என்று அடுத்த செய்தி வந்தது.

சொல்லிட்டேன்மா என்று பதில் போட்டேன்.