ஆரோக்கியம்மாளுக்குக் கிடைத்த ஊசி

கடலூர் முதுநகரில் ஓர் அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் ஆரோக்கியம்மாள் பதினோரு ஆண்டுகள் சமையல் உதவியாளராக இருந்தாள். பரிமாறுவதும் அவள்தான். எந்தப் பிள்ளை முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கும், எந்தப் பிள்ளை இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்படும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

நாற்பத்து நான்காம் வயதில் முழங்கையில் ஒரு படை வந்தது. ஆறே மாதத்தில் இரு கைகளுக்கும் முதுகுக்கும் பரவி, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. சொரியாசிஸ், யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் தாளில் எழுதியே கொடுத்தார்.

தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குப் புரியுதும்மா. பெத்தவுங்களுக்கு யாரு புரியவெக்கிறது? கொஞ்ச நாளைக்கு நீ பாத்திரம் மட்டும் கழுவு."

சோப்புத் தண்ணீரில் கை வெடித்து ரத்தம் கசிந்தது. களிம்புகள் கேட்கவில்லை. மாத்திரை ஈரலைத் தாக்கியதால் நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் சிதம்பரத்தில் ஒரு தனியார் தோல் மருத்துவமனை, புது ஊசி மருந்தைச் சோதித்துப் பார்க்க நோயாளிகளைத் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனாள். ஆய்வைக் கவனித்துக்கொண்ட அன்பரசு என்ற இளைஞன் ஒப்புதல் படிவத்தை வரி விடாமல் படித்துக் காட்டினான்.

"பாதிப் பேருக்கு நெஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் ஊசி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதும்மா. நீங்க எப்ப வேணா விலகிக்கலாம்."

"நீங்க எப்ப வேணா நிறுத்திக்கலாமா தம்பி?"

அவன் ஒரு பக்கத்தைப் புரட்டினான். "கம்பெனி நிறுத்தலாம். அதுவும் போட்டிருக்கு."

கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலைப் பாசஞ்சரில் சிதம்பரம் போனாள். ரத்தம் எடுத்தார்கள், படையை அளந்தார்கள், ஊசி போட்டார்கள். நான்காவது ஊசிக்குப் பிறகு செதில் உதிர்வது நின்றது. பதினாறாவது வாரத்தில் கைகள் பழையபடி ஆகியிருந்தன. கல்லூரியில் படிக்கும் மகள் இசைவாணி, ஒரு வருடமாகத் தனித் துண்டு வைத்திருந்தவள், அன்று அம்மாவின் துண்டை எடுத்துத் தலை துவட்டினாள். ஆரோக்கியம்மாள் பார்த்தும் பார்க்காதது போல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பள்ளியில் மறுபடி அவள் கையில் கரண்டியைக் கொடுத்தார்கள். அது நான்கு மாதம் நீடித்தது. ஒரு மதியம் அன்பரசு போன் செய்தான்.

"அடுத்த வாரம் வர வேணாம்மா. ஆய்வ நிறுத்திட்டாங்க."

"மருந்துல ஏதாச்சும் கோளாறா?"

"இல்ல. இந்தக் கம்பெனிய வேற கம்பெனி வாங்கிடுச்சி. அவுங்களுக்கு இந்த மருந்து வேணாமாம்."

"எனக்கு வேணுமே தம்பி."

மறுநாளே அவள் சிதம்பரம் போனாள். ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த ஊசிகளை அவன் ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் எங்க போவுது?"

"திருப்பி அனுப்பணும். அழிச்சிடுவாங்க."

"அழிக்கிறதுல ரெண்டு எனக்குக் குடேன்."

"ஒண்ணு கொறஞ்சாலும் என் வேல போயிடும்மா." அவள் முகத்தைப் பார்க்காமலே பெட்டிக்கு டேப் ஒட்டினான்.

கார்த்திகையில் முழங்கை சிவந்தது. கிறிஸ்துமஸுக்குள் முதுகு முழுவதும் திரும்பிவிட்டது, முன்னைவிட மோசமாக. இந்த முறை தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டுப் பேசக்கூட இல்லை. சமையல் கூடத்துச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருடம் அதே மருத்துவமனையில் வேறொரு கம்பெனியின் ஊசிக்கு ஆள் சேர்த்தார்கள். அன்பரசு அங்கே இல்லை. புதிதாக வந்திருந்த பெண் கேட்டாள்:

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஊசி போட்டிருக்கீங்களா?"

"போட்டேன். நல்லா ஆச்சு."

"அப்ப இதுல சேக்க முடியாதும்மா. ஏற்கெனவே போட்டவுங்கள எடுக்கக் கூடாது."

"போடலன்னு சொல்லியிருந்தா?"

"உங்க பேரு எங்க கம்ப்யூட்டர்ல இருக்கே."

ஆரோக்கியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வெயிலில் ஸ்டேஷன் வரை நடந்தே போனாள். முந்தானையால் இரு கைகளையும் மூடிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு அன்று அவளுக்கு வரவில்லை.

இப்போதும் அதே பள்ளியில்தான் இருக்கிறாள். வளாகத்தைக் கூட்டுகிறாள். எட்டரை மணிக்குப் பிள்ளைகள் வரத் தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிட்டுப் பின் கேட் வழியாகப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு.